கஞ்சி டப்பாவோடு வந்த ஆத்தே: பிலிப்பைன்ஸ் நண்பர்கள் பற்றி மூன்று ஊர்களிலிருந்து சில அனுபவங்கள்

மெல்போர்னிலிருந்து:

2023 கடைசியில் என் பக்கத்து அறையில் இருந்தவள் பிலிப்பைன்ஸின் பத்தங்காஸிலிருந்து நர்சிங் படிக்க வந்த பெண். வீட்டுக்கு வீடியோ கால் போடும் முன் லிப்ஸ்டிக் போட்டுக்கொள்வாள். துணிக் குவியல் தெரியாமல் ஃபோனை ரைஸ் குக்கர்மேல் சாய்த்து வைப்பாள். அரை மணி நேரம் ஒரே சிரிப்பு. கால் முடிந்ததும் விளக்கு அணைந்துவிடும். மணி ஏழுதான் ஆகியிருக்கும்.

அறை மூலையில் ஒரு பாலிக்பாயான் பெட்டி. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குக் கப்பலில் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி அது. ஸ்பாம் டின் (டின்னில் அடைத்த இறைச்சி), சோப்பு, சாக்லேட், தம்பிக்கு ஷூ. மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதில் மிச்சம் பிடித்து நிரப்பினாள். அவள் சாப்பிட்டது கப் நூடுல்ஸ். நிலத்தை அடகு வைத்து அனுப்பியிருந்தார்களாம். நமக்கு இந்தக் கதை புதிதா என்ன!

ஒரு கட்டத்தில் வகுப்புக்கே போகவில்லை. கவுன்சலிங் இலவசம்தானே, போய்ப் பார் என்றேன். போனவள் இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டாள். “எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்.” ஏன் என்றதற்கு ஒரே வார்த்தை: நாகாகாஹியா. ‘ஹியா’ என்றால் வெட்கம் என்பார்கள். ‘நாலு பேர் என்ன நினைப்பாங்க’ என்பதையும் அதோடு சேர்த்துக்கொண்டால்தான் ஓரளவு பொருந்தும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சிலிருந்து ஒரு ஆத்தே வந்தார். ஆத்தே என்றால் அக்கா. (நாம் பதறினால் சொல்வது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.) முதியோர் இல்லத்தில் வேலை, நாற்பது வயதிருக்கும். கையில் டப்பா நிறைய லூகாவ், அதாவது இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி. மனசு, மன அழுத்தம் என்று எதுவும் பேசவில்லை. “குமாயின் கா நா பா?” சாப்பிட்டியா? அவ்வளவுதான். கஞ்சி ஆறிப்போகும்வரை அழுதாள். அடுத்த வாரம் கவுன்சலரிடம் ஆத்தேயே கூட்டிப்போனார்; உள்ளே போகாமல் வெளியே உட்கார்ந்திருந்தார்.

ஷின்ச்சு, தைவானிலிருந்து:

எங்கள் லேபில் போஹோல் தீவுப் பையன் ஒருவன். 2021 டிசம்பர் 16-ல் ஒடெட் புயல் அடித்தது. போஹோலில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய்விட்டன. வீட்டிலிருந்து நாள்கணக்கில் தகவல் இல்லை. அவன் லேபுக்கு வந்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். ‘இவங்க எதையும் தாங்குவாங்கப்பா’ என்று நானே பாராட்டினேன். அந்தப் பாராட்டுதான் அவனுக்கு ஆகாது என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு புயலுக்கும் இதே புகழ்ச்சியைக் கேட்டு அலுத்துப்போனவர்கள் அங்கே நிறைய. தாங்குகிறவனிடம் யாரும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லையே. ஐந்தாம் நாள் பைப்பெட்டை நடுங்கும் கையோடு வைத்துவிட்டு, “அண்ணா, நான் தூங்கவே இல்லை” என்றான். அண்ணா என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்; அவர்கள் ஊரில் கூயா.

டொரன்டோவிலிருந்து:

ஆத்தே கதை நன்றாக இருக்கிறது. ஆனால் என் தோழிக்கு நடந்தது நேர் எதிர். அவள் ஆத்தேகளைக் கண்டாலே ஒளிவாள். காரணம் சிஸ்மிஸ், அதாவது வம்பு. சர்ச்சில் யாரிடமாவது வாய்விட்டால் மணிலாவில் விடிவதற்குள் அம்மாவுக்குப் போய்விடுமாம். அதனால் பிலிப்பைன்ஸ்காரர் அல்லாத கவுன்சலர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அவள் நாட்டில் 2018-லேயே மனநலச் சட்டம் வந்தது, 1553 என்று உதவி எண்ணும் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் அதெல்லாம் இன்னும் ‘டிராமா’, வெறும் நடிப்பு.

மெல்போர்னிலிருந்து மீண்டும்:

வம்பு பற்றிச் சொன்னது சரி. நான் ஆத்தேயை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். அந்த ஆத்தே வாய் திறக்காதவர், அது எங்கள் அதிர்ஷ்டம்.

பெட்டி என்ன ஆனது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜனவரியில் அனுப்பினாள். டேப் ஒட்டும் முன் ஒரு ஸ்பாம் டின்னை வெளியே எடுத்து, அன்றிரவு முட்டையோடு பொரித்தாள். எனக்கு இறைச்சி ஆகாது. முட்டையை மட்டும் என் தட்டில் தள்ளிவிட்டு மிச்சத்தை அவளே காலி செய்தாள்.