டாம் அண்ட் ஜெர்ரி: இந்த மூணு இடத்துக்கு அர்த்தம் என்னங்க?

நொய்யல்கரை:
'ஹெவன்லி புஸ்'ல சொர்க்கத்துக்குப் போற ரயிலுக்கு வரிசையில நிக்குற பூனைகளோட, நனைஞ்ச சாக்குல இருந்து மூணு குட்டி வருதே, அது ஏனுங்க? 'ஜூட் கேட்'ல டாம் போடுற தொளதொள கோட்டு என்ன? டாமைத் திட்டுற அந்தம்மா ஒரு பிரதியில கருப்பா, இன்னொண்ணுல ஒல்லியா வெள்ளையா இருக்காங்களே?

டென்ட்கொட்டாய்:
'ஹெவன்லி புஸ்' 1949ல வந்ததுங்க. வரிசையில நிக்குறது அத்தனையும் செத்த பூனைங்க. ரோடு ரோலர்ல சிக்குனது தட்டையா வரும். சாக்குக் குட்டிங்க மட்டும் விபத்துல சாகலை. வேண்டாத குட்டிகளைச் சாக்குல கட்டி ஆத்துல எறியுற வழக்கம் அப்ப இருந்துச்சு. வாசல்ல இருக்குற பூனை ஒரு வார்த்தை நொந்துக்கிட்டு உள்ள விட்டுரும், அவ்வளவுதான். குழந்தைங்க கவனிக்காது, பெரியவங்களுக்குத்தான் சுருக்குனு தைக்கும். குழந்தைங்க கேட்டா மறைக்காம சொல்லிருங்க. கடைசியில எல்லாம் டாம் கண்ட கனவுன்னு முடியுறது தோதா இருக்கும்.

நூல்மில்:
அந்த உடுப்புக்குப் பேர் ஜூட் சூட். நம்ம திருப்பூர்க்காரங்களுக்குப் புரியணுமே! தோள்ல அகலமா பேட், முழங்கால் வரைக்கும் நீளம், பேன்ட் மேல தொளதொளன்னு வந்து கணுக்கால்ல இறுகும். துணி எச்சாப் புடிக்கும். போருக்குக் கம்பளி வேணும்னு 1942ல அமெரிக்க அரசு உடுப்புக்கு இவ்வளவுதான் துணின்னு கட்டுப்பாடு போட்டுச்சு. அப்புறமும் இதைப் போட்டவங்களைத் துரோகி மாதிரி பாத்தாங்க. 1943 ஜூன்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல கடற்படைச் சிப்பாய்ங்க மெக்சிகோ வம்சாவளிப் பசங்களை அடிச்சு, அந்த உடுப்பையே உருவுனாங்க. படம் வந்தது 1944ல. டாம் தூளியை வெட்டிக் கோட்டு தைக்குறது அந்தத் தட்டுப்பாட்டைச் சீண்டுறதுதான்னு எனக்குப் படுது. கடைசியில நனைஞ்சு சுருங்கி ஜெர்ரிக்கு அளவாயிரும். காம்பாக்டிங் போடாத, அதாவது முன்கூட்டியே சுருக்கி எடுக்காத துணி வேறென்ன ஆகும்!

பழையரீல்:
அந்தம்மா 1940ல இருந்து 1952 வரைக்கும் கருப்பின வேலைக்காரம்மா. குரல் லிலியன் ராண்டால்ஃப். கருப்பினப் பெண்ணுன்னா கொச்சைப் பேச்சு, வீட்டு வேலைன்னு ஒரே அச்சுல வார்த்ததுக்கு எதிர்ப்பு வந்துச்சு. 1960கள்ல டிவிக்காக கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் குழு சில படங்கள்ல அவங்க வர்ற இடத்தை மட்டும் வெள்ளைக்காரப் பெண்ணா மறுபடி வரைஞ்சு, குரல் நடிகை ஜூன் ஃபோரேவை ஐரிஷ் சாயல்ல பேச வெச்சுது. வெடிச்சதும் டாம் முகம் கரியாகி உதடு தடிக்குறதும் இதே இனக்கேலிதான். அதைப் பல டிவி பிரதிகள்ல வெட்டிட்டாங்க. வெட்டு தெரியணும்னா காதைத் தீட்டுங்க: ஸ்காட் பிராட்லி ஒவ்வொரு காலடிக்கும் இசை போட்டவர், படத்துல கை வெச்சா தாளம் தாவும்.

நொய்யல்கரை:
அப்ப எங்ககிட்ட இருக்குறதுல வெடிச்சத்தம் முடிஞ்சதும் இசை குதிக்குறது அதானுங்களா?

பழையரீல்:
அதேதானுங்க.