த்ரெட் கூடக் கூட வேகம் குறைகிறது: மெட்டாடேட்டா கேஷில் என்ன செய்யலாம்?

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)
வணக்கம். ஓலைச்சுவடிப் படங்களைச் சேமித்துத் தரும் சர்வர் ஒன்றை சி++ மொழியில் எழுதி வருகிறேன். ஓர் ஏட்டுக்கு ஒரு கோப்பு, ஒரு கட்டுக்கு ஒரு ஃபோல்டர். கோப்பின் அளவு, டிஸ்கில் அது இருக்கும் இடம் ஆகிய மெட்டாடேட்டாவை, ஒவ்வொரு முறையும் டிஸ்கைத் தொடாமலிருக்க நினைவகத்தில் ஒரு கேஷாக வைத்திருக்கிறேன்: தேடுவதற்கு ஹேஷ் டேபிள், வெகுநேரம் தொடாததை முதலில் வெளியேற்ற எல்ஆர்யு பட்டியல். இரண்டுக்கும் ஒரே மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக்) போட்டிருக்கிறேன். 16 த்ரெட் (சர்வருக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைச் சரடு) ஓடினால் 4 த்ரெட்டைவிட மெதுவாகிறது. சிபியு பாதி சும்மா கிடக்கிறது. பெரும்பாலும் வாசிப்புதானே என்று ரீடர்-ரைட்டர் லாக் (வாசிப்பவர் பலரை ஒன்றாகவும் எழுதுபவரைத் தனியாகவும் விடுவது) போட்டும் துளிகூட முன்னேற்றமில்லை. ஏன்?

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர்)
தம்பி, எல்ஆர்யுவில் வெறும் வாசிப்பு என்று ஒன்று கிடையாது. கிடைத்த பதிவைப் பட்டியலின் தலைக்கு நகர்த்துகிறீர்கள் அல்லவா? அது எழுத்து வேலை, ரைட் லாக் கேட்கும். பட்டியலை எடுத்துவிட்டு கிளாக் முறைக்கு மாறுங்கள். பதிவைத் தொட்டால் ஒரு பிட்டை 1 ஆக்கினால் போதும். ஏற்கெனவே 1 என்றால் அதையும் தொட வேண்டாம். இடம் தேவைப்படும்போது கடிகார முள் போல ஒரு சுட்டி பதிவுகளைச் சுற்றிவந்து 1-ஐ 0 ஆக்கும், 0-ஐ வெளியேற்றும்.

அப்போதும், ரீட் லாக்கை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை எல்லா த்ரெட்டும் மாற்றும். உள்ளே போகிற எல்லோரும் ஒரே பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போல. அதனால் கேஷையே பிரியுங்கள். லெவல்டிபி என்ற தரவுச் சேமிப்பு நூலகம் தன் கேஷை 16 பகுதிகளாகப் பிரிக்கிறது, பகுதிக்கு ஒரு லாக். பகுதியை ஹேஷின் மேல் பிட்டுகளைக் கொண்டும், அதற்குள் பக்கெட்டை (ஹேஷ் டேபிளின் அறையை) கீழ் பிட்டுகளைக் கொண்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் ஒரே பிட்டுகள் என்றால் ஒவ்வொரு பகுதியிலும் பெரும்பாலான பக்கெட்டுகள் காலியாகவே கிடக்கும்.

பதில் (வில்லியனூர்)
சிபியு சும்மா கிடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கேஷில் இல்லாதபோது லாக்கைப் பிடித்தபடியே டிஸ்கைப் படிக்கிறதா? அப்படியானால் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்ற குறியோடு காலிப் பதிவை நுழைத்துவிட்டு லாக்கை விடுங்கள். அதே கோப்பைக் கேட்பவர் மட்டும் காத்திருப்பார்.

கேட்டவர்
மூன்றையும் செய்தேன். டிஸ்க் விஷயம்தான் பெரிய மாற்றம் தந்தது. ஆனால் ஒரே ஒரு பகுதியில் மட்டும் நெரிசல் தீரவில்லை. பெர்ஃப் சி2சி (த்ரெட்டுகள் மோதிக்கொள்ளும் நினைவக இடத்தைக் காட்டும் லினக்ஸ் கருவி) காட்டும் கேஷ் லைனில் (சிபியு ஒரே மூச்சில் எடுக்கும் நினைவகத் துண்டில்) இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள மூல ஃபோல்டரின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (அதை இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு).

பதில் (மஞ்சக்குப்பம்)
எதிர்பார்த்ததுதான். எந்த ஏட்டைத் தேடினாலும் வழி மூல ஃபோல்டர் வழியாகத்தானே? எத்தனை பகுதியாகப் பிரித்தாலும் ஒரு பதிவு ஒரு பகுதியில்தான் இருக்கும். லினக்ஸ் கெர்னலுக்கே இந்தத் தலைவலி இருந்தது. 2011-இல் வந்த 2.6.38-இல், பாதையில் உள்ள ஃபோல்டர்களின் எண்ணிக்கையைத் தொடாமலே நடந்துபோக ஆர்சியு (வாசிப்பவர் லாக் எடுக்காமல் படிக்கும் முறை) மூலம் வழி செய்தார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். மேல் இரண்டு நிலை ஃபோல்டர்களை மட்டும் ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென நகலெடுத்து, கூடவே ஒரு பதிப்பு எண்ணை வைத்துக்கொள்ளட்டும். பொதுப் பதிப்பு எண் மாறாதவரை நகலே போதும். அந்த எண்ணுக்குத் தனியாக 64 பைட், அதாவது வழக்கமான ஒரு முழு கேஷ் லைன், ஒதுக்குங்கள். பக்கத்தில் அடிக்கடி மாறும் எதுவும் இருந்தால் பலனில்லை.

கேட்டவர்
ஃபோல்டரின் பெயரை மாற்றும்போது பழைய நகலை யாராவது பயன்படுத்திவிட்டால்?

பதில் (மஞ்சக்குப்பம்)
பதிவை மாற்றுவதும் எண்ணைக் கூட்டுவதும் அந்தப் பகுதியின் லாக்குக்குள்ளேயே நடக்கட்டும். நகலைப் புதுப்பிப்பவரும் அதே லாக்கை எடுக்கட்டும். எண் கூடிய பிறகே ‘மாற்றியாயிற்று’ என்று பதில் அனுப்புங்கள். அதற்கு முன் பழைய பெயரில் வந்தவர், மாற்றத்துக்கு முன்பே வந்தவராகக் கணக்கு.