பழைய தையல் மெஷினுக்கு பாபின் ரப்பர் வளையம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். அம்மாவின் கால்மிதி மெஷின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தையலில் குறையில்லை, பாபினில், அதாவது அடிநூலுக்கான சின்ன உருளையில், நூல் சுற்றும்போதுதான் வம்பு. கைச்சக்கரத்தை உரசிச் சுழல வேண்டிய சின்ன ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகிவிட்டது, ஓரத்தில் வெடிப்பு வேறு. வழுக்கிக்கொண்டு பாபின் பாதியில் நின்றுவிடுகிறது. விரலால் அழுத்திப் பிடித்தால் சுற்றும், ஆனால் நூல் தொளதொளவென்று ஏறுகிறது. அப்புறம் அடித்தையல் ஒரே சீராக விழுவதில்லை.

முதலில் எண்ணெய்தான் குறைவோ என்று அங்கே இரண்டு சொட்டு விட்டேன். மடத்தனம்! உராய்வில் ஓடுகிற பாகம், எண்ணெய் பட்டால் இன்னும் வழுக்கத்தானே செய்யும். துடைத்துவிட்டு ரப்பர் பேண்ட் சுற்றிப் பார்த்தேன், நாலாவது பாபினில் அறுந்தது.

பழைய வளையத்தின் உள்விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 18. இங்கே சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017இல் மூடாமல் இருந்திருந்தால் அங்கேயே கிளறி எடுத்திருப்பேன். இப்போது தேக்கா, அராப் ஸ்திரீட், பீப்பிள்ஸ் பார்க் பக்கம் எந்தக் கடையில் கேட்கலாம்? குழாய்க்குப் போடும் ஓ-ரிங்கை மாட்டிப் பார்த்தவர்கள் உண்டா, தாங்குகிறதா? தீபாவளிக்கு இரண்டு பாவாடை பாக்கி.