பொருள்: மறு: மறு: ‘ஒயின் எஸ்டேட்’ – தேறல்தோட்டம்?

அன்பர்களுக்கு வணக்கம். ‘ஒயின் எஸ்டேட்’டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடலாடலில், ‘தேறல்தோட்டம்’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘மதுத்தோட்டம்’ போதுமே. போய்த் தங்கிவருவது ‘மதுச்சுற்றுலா’.

‘மது’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் காதில் கூடவே ஒலிப்பவை மதுக்கடை, மதுவிலக்கு, மது அடிமை. பிராந்தியும் பீரும்கூட மதுதான். நாம் பெயர் தேடுவதோ, கொடி நட்டு, பழம் பறித்து, அங்கேயே பிழிந்து நொதிக்கவைத்து, வந்தவருக்கு ருசி காட்டி, இரவு தங்க அறையும் தருகிற ஓர் இடத்துக்கு.

போன செப்டம்பரில் போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில், பின்யாவ் ஊருக்கு மேலே, அப்படி ஓர் இடத்தில் இரண்டு இரவு தங்கினேன். அதை வைத்தே பேசுகிறேன். அங்கே இதற்குப் பெயர் ‘கிந்தா’. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் குத்தகையாக அளந்த நிலம் என்று வேர் சொல்கிறார்கள். நம் மேல்வாரம், குடிவாரம் மாதிரி. இப்போது சரிவு, கொடி, ஆலை, வீடு எல்லாம் சேர்ந்த முழு இடமும் கிந்தாதான். இதற்கு நேரான சொல் நம்மிடம் உண்டு: தோட்டம். இலங்கை மலையகத்தில் ‘எந்தத் தோட்டம்?’ என்று கேட்டால், தேயிலைச் சரிவு, ஆலை, துரை பங்களா, தொழிலாளர் வரிசைவீடான லயம் அத்தனையும் அந்தக் கேள்விக்குள் அடக்கம். ‘பண்ணை’, ‘வளாகம்’ என்று அலைய வேண்டியதில்லை.

> ‘தேறல்’ சங்க காலத்துக் கள். அதை ஏன் திராட்சைக்கு ஏற்றுகிறீர்கள்?

புறநானூறு 56-இல் நக்கீரர் பாடும் தேறல் யவனர் தந்தது. அரிக்கமேட்டில் கிடைத்த, ரோமானியர் ஒயின் ஏற்றிய ஆம்போரா சாடிகளையும் சேர்த்துப் பார்த்தால், அது திராட்சைத் தேறலாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் இந்தச் சொல்லில் என் மனம் படிந்தது அந்தத் தோட்டத்துச் சாப்பாட்டு மேசையில்.

டோருவின் இனிப்பு ஒயினான போர்ட்டில் பழைய புட்டி ஒன்றை முதல் நாளே நிமிர்த்தி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா புட்டியின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்து, கை அசையாமல், நூல் போலக் கண்ணாடிச் சாடிக்குள் சாய்த்தார். கழுத்தருகே கறுப்பாக வண்டல் ஏறி வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார். அடியில் இரண்டு விரற்கடை மிஞ்சியது. சுண்ணாம்பைக் கரைத்துவைத்துத் தெளிவை மட்டும் இறுத்து எடுப்போமே, அதே பக்குவம். தெளிந்ததுதான் தேறல், ‘தேறு’ என்ற வினை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இடத்துக்குத் தேறல்தோட்டம், அந்த அம்மா செய்ததற்கு இறுத்தல். பேச்சில் ‘ஒயின்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

ருசி பார்ப்பதற்கு ‘மதுச் சோதனை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வண்டியை மறித்து ஊதச் சொல்லும் சோதனைக்குப் போய்விட்ட பெயர். ‘சுவைகாணல்’ என்பேன், ‘நேர்காணல்’ பழகிய காதுக்கு இது உறுத்தாது. துப்புகிற கலத்துக்குப் புதுச்சொல்லே வேண்டாம், படிக்கம் இருக்கிறது. வெற்றிலை போடும் வீடுகளில் திண்ணையோரம் இருந்த அதே படிக்கம்தான். ஒரு வாய் வைத்து, நாக்கில் உருட்டி, அதில் உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்குப் போகிறார்கள்.

> பீப்பாய் தமிழா? மாற்ற வேண்டாமா?

தயவுசெய்து மாற்றாதீர்கள். அது போர்ச்சுகீசிய ‘பீப்பா’. ஜன்னல், அலமாரி, சாவியோடு கப்பலேறி வந்து நம் வீட்டில் குடியேறிய சொல். டோருவில் இன்றும் 550 லிட்டர் என்பது ஒரு பீப்பாயின் கணக்கு. ஆலைக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பழத்தை மிதிக்கும் கருங்கல் தொட்டிக்கு ‘மிதிதொட்டி’ போதும். தோள்மேல் கை போட்டு வரிசை கட்டி, முழங்காலுக்கு மேல் சாற்றில் நின்று, தாளம் எண்ணியபடி முன்னும் பின்னும் மிதிக்கிறார்கள். அதன் பிறகுதான் பாட்டும் ஆட்டமும். பாதி நொதித்த சாற்றில் திராட்சைச் சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்துவதால் போர்ட்டில் இனிப்பு தங்கிவிடுகிறது. இந்த வகையை ‘வலுவேற்றிய தேறல்’ எனலாம். ‘செறிவூட்டிய’ ரேஷன் அரிசிக்குப் போய்விட்டது.

இரண்டு சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று, சரிவைச் செதுக்கி, சாந்தில்லாமல் சிஸ்ட் என்னும் அடுக்குப்பாறைக் கல்லை அடுக்கிச் சுவர் கட்டி, அதன்மேல் கொடி நடும் தட்டு. 1756-இல் போர்ட்டுக்கென எல்லை வகுத்த இந்த வட்டாரத்தின் ஒரு பகுதி 2001-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது; அதன் முகமே இந்தக் கட்டுமானம்தான். சூரியன் இறங்கி வெகுநேரம் கழித்துச் சுவரில் கை வைத்தேன், அடுப்பங்கல் போல இளஞ்சூடு. ‘படிக்கட்டு வயல்’ என்ற பாடப்புத்தகச் சொல்லில் அந்தக் கல்லும் இல்லை, சூடும் இல்லை.

மற்றது, 19-ஆம் நூற்றாண்டில் பைலோக்செரா பூச்சி கொடிகளை அழித்த பின் மறுபடி யாரும் நடாமல் கைவிட்ட தட்டுகள். சுவர் மட்டும் நிற்கிறது, இடையில் புதர். சாவை நினைவூட்டும் ‘மோர்ட்டோரியு’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். ‘தரிசு’ என்றால் ஒருகாலத்தில் அங்கே கைபட்டது தெரியாமல் போகிறது. கம்பம் பக்கத்துத் திராட்சைக்காரர்கள், மலையகத்து நண்பர்கள், உங்கள் ஊரில் கைவிட்ட தோட்டத்தை, கல் அடுக்கிய மலைத்தட்டை வாய்ச்சொல்லில் எப்படிச் சொல்வீர்கள்? எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.