சட்டத்தரணியின் பதிவைத் தேடிப் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வெள்ளவத்தை மகள்:
எட்டு மாதமாகிவிட்டது, ஆனால் அந்த ஒரு நிமிடம் மனதை விட்டுப் போகவில்லை. எழுதினாலாவது ஆறும் என்று பார்க்கிறேன்.

கனடாவில் இருக்கிற அண்ணாவின் அற்றோணித் தத்துவத்தை (அவருக்குப் பதிலாக இங்கே கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) வைத்து அம்மாவின் ஃபிளாட்டை விற்கிற வேலை. சட்டத்தரணியைச் சொன்னது அம்மாவோடு கோயிலுக்கு வருகிற ஒரு அன்ரி. மூன்று தடவை காசு கொடுத்தோம், ஒரு தடவைகூடப் பற்றுச்சீட்டு இல்லை. உறுதி எழுதும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசியில் வீட்டை வாங்க இருந்தவரின் மகன் ஒருநாள் பின்னேரம் வந்து ஃபோனை நீட்டினார். உயர் நீதிமன்றத் தளத்தில் இருந்த ஒரு தீர்ப்பு, சட்டத்தரணிகள் மீதான ஒழுக்காற்று வழக்குகளுக்குப் போடுகிற 'எஸ்.சி. ரூல்' என்ற இலக்கத்தோடு.

அம்மாவுக்கு இங்கிலிஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெயருக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனார். கடைசி எழுத்தில் விரல் அப்படியே நின்றது. "இது அவர்தானே பிள்ளை?" என்றார். அவரேதான். எங்களிடம் முதல் காசு வாங்கிய மாதத்தில் அவர் தொழில் செய்யவே கூடாது, இடைநிறுத்தத்தில் இருந்திருக்கிறார்.

காசில் பாதிதான் திரும்ப வந்தது. அம்மா இன்னும் அந்த அன்ரியோடு கதைப்பதில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் முதல் காசுக்கு முன்பே சட்டத்தரணிகள் சங்கத்தில் பெயரைக் கேட்டிருக்கலாம். புதுக்கடையில் மிஹிந்து மாவத்தையில்தானே இருக்கிறது.

என் கதை நேர்மாறு. வாடகை வழக்குக்கு ஒரு இளம் சட்டத்தரணியிடம் போனேன். வீட்டுக்கு வந்து சங்கத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் வரவே இல்லை. வீயில் தேடினேன், டபிள்யூவில் தேடினேன், கடைசி எழுத்தை விட்டும் தேடினேன். எங்கள் பெயர்களை இங்கிலிஷில் எழுதுகிற விதம் ஆளுக்கு ஆள் வேறுதானே. பயந்து, அடுத்த நாள் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று, "நீங்கள் உண்மையிலேயே சட்டத்தரணியா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்துக் கதிரையில் இன்னொரு கட்சிக்காரர் இருந்தார்.

அவர் கோபப்படவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து, தகப்பனின் பெயர் முன்னால் வர, பதிவேட்டில் இருக்கிறபடி தன் முழுப் பெயரையும் எழுதி, அதற்குக் கீழே சத்தியப்பிரமாணம் செய்த திகதியையும் போட்டு என் பக்கம் தள்ளினார். "இதை வைத்துத் தேடுங்கள் அண்ணா" என்றார். எல்லாம் சரியாக இருந்தது. வழக்கையும் நன்றாகவே நடத்தினார். அந்தத் தாள் இன்னும் என் பேர்ஸில் இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

பழைய லிகிதர்:
தம்பி சொன்னதில் பாதி பிழை. சங்கத்தின் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவர் சட்டத்தரணி இல்லை என்றாகாது. பெயர் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்பவும் வேண்டாம். பதிவு செய்வதும் நீக்குவதும் உயர் நீதிமன்றம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தில் 40ஆம் பிரிவு சேர்ப்பதற்கு, 42ஆம் பிரிவு இடைநிறுத்துவதற்கும் நீக்குவதற்கும். மூன்று நீதியரசர்கள் ஒன்றாக இருந்துதான் அந்தக் கட்டளையைப் பிறப்பிக்க முடியும். எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 1988இல் வந்த ஒழுக்க விதிகள் இருக்கின்றன.

நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருந்தவன். வாசலில் புறோக்கர் கையைப் பிடித்து இழுத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் புறொக்சியில், அதாவது சட்டத்தரணியை நியமிக்கிற பத்திரத்தில், கையெழுத்து வைக்க விட்ட ஒரு தாயைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுதான் என் அனுபவம்.

ஆகவே கேளுங்கள். உயர் நீதிமன்றத் தளத்தில் 'ரூல்' என்று வருகிற வழக்குகளைப் பாருங்கள், ஆனால் முடிந்து தீர்ப்பாக வந்தவைதான் அங்கே கிடைக்கும். நிலுவையில் இருக்கிற முறைப்பாடு தெரியாது. பெயர் நீக்கப்பட்டவர் பிறகு மீண்டும் பதிவு கேட்கவும் முடியும், அதனால் பழைய தீர்ப்பை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். இன்றைய நிலையை உயர் நீதிமன்றப் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களுக்கும் பொருந்தும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1974இல் பிறக்கிராசி, அப்புக்காத்து என்று சட்டத் தொழிலில் இருந்த இரண்டு வகையும் போய் எல்லாரும் சட்டத்தரணி ஆனார்கள். ஆனால் உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு வேறு. காணி உறுதி என்றால் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு கையெழுத்து வைக்க வேண்டும். எல்லாச் சட்டத்தரணியும் நொத்தாரிசு அல்ல. மகள், உங்கள் விஷயத்தில் அதையும் பார்த்திருக்க வேண்டும்.

மட்டக்குளி:
லிகிதர் ஐயா, அந்தத் தாய்க்கு என்ன நடந்தது என்று சொல்லவில்லையே.

என்னுடைய சட்டத்தரணி காணி வழக்கின் நடுவில் இடைநிறுத்தப்பட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. தவணைக்குப் போய் அவர் வருவார் என்று வாங்கில் பத்தரை மணிவரை இருந்தேன். இலக்கம் கூப்பிட்டதும் எழும்பி நின்றேன், என் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த வெறுமையான இடம்தான் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நல்லவேளை, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் இதற்கு வழி இருக்கிறது: வேறு ஒருவரை நியமிக்கச் சொல்லி அறிவித்தல் தந்து 30 நாள் போகும்வரை எனக்கு எதிராக வழக்கை நகர்த்த முடியாது. நீதவான் அதைச் சொன்னபோதுதான் மூச்சு வந்தது.

பழைய லிகிதர்:
மட்டக்குளி, காணி வழக்கென்றால் அது மாவட்ட நீதிபதி. நீதவான் அல்ல. அந்தத் தாயை நான் பிறகு காணவில்லை.

வெள்ளவத்தை மகள்:
எல்லாருக்கும் நன்றி. ஐயா, நொத்தாரிசு விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, உண்மை. தடை இருக்கும்போது காசு வாங்கினார் என்று உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு கொடுக்க முடிவு செய்துவிட்டோம். மீதிக் காசு அதனால் வராது, அதற்கு வேறு வழக்கு என்று தெரியும். சத்தியக் கடதாசி தயார், வெள்ளிக்கிழமை சமாதான நீதவானிடம் போகிறோம். கையெழுத்தை நான் வைக்கிறேன் என்றேன், அம்மா விடவில்லை. காசை எண்ணிக் கொடுத்தது தன் கை என்கிறார். நேற்று இரவு பழைய கொப்பி ஒன்றில் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்.