புதுப்பிப்பு: திருவொற்றியூர் வீட்டு சன்ஷேடுக்குக் கண்ணாடியிழைக் கம்பி

கடலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் சன்ஷேட் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்கிறது, ஜி.எஃப்.ஆர்.பி எனப்படும் கண்ணாடியிழைக் கம்பி போடலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

பழையதை உடைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. கம்பிக்கு மேல் கான்கிரீட் அரை அங்குலம்கூட இல்லை. உப்புக்காற்று உள்ளே போக அது போதும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். முப்பது வருடமாக இதன் கீழேதான் அம்மா துணி காயப்போட்டார், நினைத்தாலே பதறுகிறது.

புதுக் கம்பி துருப்பிடிக்காது, எடையும் இரும்பில் ஏறக்குறைய கால் பங்குதான். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் வளைக்க முடியாது. வளைவுகளை அளவு சொல்லி ஆலையிலேயே செய்து வாங்கினோம், அதற்கே பத்து நாள் ஆயிற்று.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: இதன் விறைப்பும், அதாவது பாரத்தில் தொய்யாமல் நிற்கும் தன்மையும், இரும்பில் கால் பங்கு அளவுதான். அதே கணக்கில் மாற்றிப் போட்டால் சன்ஷேட் தொய்யும். எங்கள் பொறியாளர் தனியாகக் கணக்கிட்டு, கம்பிகளை நெருக்கமாக வைக்கச் சொன்னார். அப்புறம், சூட்டில் இதன் இழைகளைப் பிணைக்கும் பிசின் இளகும் என்பதால் சமையலறைக் கூரைக்கு இரும்புதான், கவர் பிளாக் (கம்பியைச் சுற்றிப் போதிய கான்கிரீட் இருக்கும்படி இடைவெளி விடும் சிறு கட்டை) வைத்து.