அந்த 0.9 சதவீதம்: கிரீமிலுள்ள பால்மமாக்கி தோலை அரிக்கிறதா?

வேம்படியான்:
கிரீமில் சேர்க்கும் பால்மமாக்கிகளால் தோலுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் பொருள், தோலின் எண்ணெய்ப்பசையை மட்டும் தொடாமல் விட்டுவிடுமா? பிரிட்டனில் சோடியம் லாரில் சல்பேட் என்ற பால்மமாக்கி கலந்த, வறண்ட தோலுக்குத் தடவும் அக்வஸ் கிரீமை 2013இல் தடையே செய்துவிட்டார்கள்.

பழைய கம்பவுண்டர்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். தடை எதுவும் இல்லை. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள குழந்தைகளுக்கு எரிச்சல் வரலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ எச்சரித்தது, உறையில் அதை அச்சிடச் செய்தது, அவ்வளவே. அந்தக் கிரீமில் பால்மமாக்கும் மெழுகு 9 சதவீதம். அந்த மெழுகில் பத்தில் ஒரு பங்குதான் சல்பேட். ஆக 0.9 சதவீதம். தோலில் நெடுநேரம் தங்கும் பொருள்களில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க நிபுணர் குழு 1983இல் சொன்னது. ஒன்றைவிட 0.9 சிறியது என்பதில் யாருக்கேனும் ஐயம் உண்டா?

நிலாமுற்றம்:
ஐயா, கணக்கில் ஐயம் இல்லை. ஆனால் அதே 0.9 சதவீதக் கிரீமை நான்கு வாரம் தடவியவர்களின் மேல்தோல் அடுக்கு மெலிந்துபோனதாக பாத் பல்கலைக்கழக ஆய்வு 2010இல் காட்டியதே? என் மகளின் முழங்கை மடிப்பில் ஒரு கிரீமைத் தடவிய கால் மணி நேரத்தில், அவள் ஓடிப்போய்க் கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு நின்றாள். அவளிடம் போய் 0.9 என்று சொல்லவா?

சொல்லாய்வன்:
பால்மமாக்கி என்பதும், நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பரப்புவிசை குறைப்பி என்பதும் ஒரே பொருளுள்ள சொற்கள் அல்ல. முதலில் வரையறையை வகுத்துக்கொண்டு பேசினால் நல்லது.

பழைய கம்பவுண்டர்:
வரையறை கிடக்கட்டும். அம்மா, உங்கள் மகளுக்கு நேர்ந்ததை நான் மறுக்கவில்லை. கரப்பான் வந்த தோல் ஏற்கெனவே விரிசல் விட்ட சுவர். பால்மமாக்கி மூலக்கூறின் வால் எண்ணெயை நாடும், தலை நீரை நாடும். எண்ணெய்த் துளியைச் சுற்றி நின்றுகொண்டு ஒரு துளி இன்னொன்றோடு சேராமல் காக்கும். சல்பேட்டின் தலையில் மின்னேற்றம் இருப்பதால் அது தோலின் புரதமான கெரட்டினோடு ஒட்டி அதை உப்பச்செய்கிறது என்பதும் உண்மை. வேறு பால்மமாக்கிகளான பாலிசார்பேட்டுக்கும் கிளிசரில் ஸ்டியரேட்டுக்கும் அந்த மின்னேற்றம் இல்லை, பொதுவாக அந்தக் கடுமையும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிறவரோடுதான் என் சண்டை. மற்றபடி, 0.9 என்பது ஒன்றுக்குக் கீழேதான்.

நிலாமுற்றம்:
எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் ஆய்வாளர்கள் கையில் எடுப்பதே இந்தச் சல்பேட்டைத்தான். அதைக் குழந்தைக்குத் தடவும் கிரீமில் 0.9 போட்டால் என்ன, 0.5 போட்டால் என்ன?

வேம்படியான்:
சரியான கேள்வி. எங்கள் வீட்டில் சுண்ணாம்புத் தெளிநீரையும் தேங்காய் எண்ணெயையும் வெண்ணெய் போல வெளுத்து வரும்வரை அடித்துத் தீக்காயத்துக்குப் போடுவார்கள். பால்மமாக்கியும் இல்லை, சல்பேட்டும் இல்லை.

பழைய கம்பவுண்டர்:
அது ஏன் வெளுத்து வருகிறது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து கால்சியம் சோப்பாகின்றன; அந்தச் சோப்புதான் அங்கே பால்மமாக்கி. தெளிநீரின் காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 12ஐத் தாண்டும். அதைக் காயத்தில் தடவிவிட்டு, என் 0.9ஐக் கண்டு அலறுகிறீர்கள். போன மாதம் சீயக்காய் பற்றிய விவாத இழையிலும் இதே கதைதான். நுரைப்பது அதிலுள்ள சப்போனின் என்ற பொருள், அதுவும் இதே இனம் என்றதும் இரண்டு வாரம் காணாமல் போனீர்கள்.

வேம்படியான்:
காணாமல் போகவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். சுண்ணாம்பில் உண்டாவது சோப்பென்றால் சோப்பாகவே இருக்கட்டும், அதில் 0.9 சதவீதம் சல்பேட் இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழைய கம்பவுண்டர்:
இல்லை. ஆனால் 0.9 ஒன்றைவிடச் சிறியதா, இல்லையா? அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.